500 சதுர மீட்டர் குடிலில் இஞ்சி போடலாமா?

கேள்வி: ஜனவரி 9, 2023

"500 சதுர மீட்டரில் பாலித்தீன் கூரை போட்ட பசுமைக்குடில் சும்மா கிடக்கிறது. மூன்று போகம் வெள்ளரி எடுத்தாயிற்று, இனி வேண்டாம் என்று முடிவு. சொட்டுநீர்க் குழாய் ஏற்கெனவே இருக்கிறது. இஞ்சிக்கு நோய்தான் பெரிய தொல்லை என்கிறார்கள். மழை படாத கூரைக்குள் போட்டால் நோயே வராது, விளைச்சலும் இரட்டிப்பாகும் என்பது என் கணக்கு. விற்பனைக்குப் போட்டவர்கள் சொல்லுங்கள்."

பதில்: ஜனவரி 9, இரவு

நோயே வராது என்ற கணக்கு தப்பு. அதை நம்பித்தான் நானும் முதல் வருடம் இறங்கினேன். மூன்று போகம் முடிந்துவிட்டது, நான்காவதற்கு இப்போது தயாராகிக்கொண்டிருக்கிறேன்.

இஞ்சி வித்து விடும் பயிர் இல்லை. கிழங்கைத்தான் நடுகிறோம், அதையே விதை என்கிறோம். அதனால் போன வருடத்து வயலின் நோய் அந்தக் கிழங்குக்குள்ளேயே உட்கார்ந்து இந்த வருடத்துப் பாத்திக்கு வந்துவிடும். கூரை மழையைத் தடுக்கும். விதையோடு வாசல் வழியாக உள்ளே வருவதைக் கூரை என்ன செய்ய முடியும்? முதல் போகத்தில் 300 சதுர மீட்டர் பாத்தியிலிருந்து நான் எடுத்தது 410 கிலோ. நட்டதே 120 கிலோ. பளபளப்பாக, பருமனாக இருந்த விதையை ஒரு வியாபாரியிடம் வாங்கியிருந்தேன். அது எந்த வயலிலிருந்து வந்தது என்று கேட்கவே இல்லை. நான்காம் மாதத்தில் நடுப்பாத்தியில் ஒரு தூர் வாடியது. பத்து நாளில் அந்தப் பாத்தி முழுக்கப் போய்விட்டது.

ஜனவரி 10

120 கிலோ எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு மீட்டர் அகலப் பாத்தி, நடுவில் அரை மீட்டர் நடைபாதை, ஓரங்களில் இடம். இதெல்லாம் போக 500-இல் பாத்தியாக மிஞ்சுவது ஏறக்குறைய 300 சதுர மீட்டர். செடிக்குச் செடி, வரிசைக்கு வரிசை 25 சென்டிமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 16 செடி, மொத்தம் 4,800 துண்டு. ஒரு துண்டு 25 கிராம். அதுதான் 120 கிலோ.

பாத்தி உயரம் 30 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. குடிலுக்குள் மழை இல்லையே, மேட்டுப்பாத்தி எதற்கு என்று முதல் வருடம் 15 சென்டிமீட்டரில் விட்டேன். மழை இல்லைதான், ஆனால் நாம் விடும் தண்ணீர் இருக்கிறதே! இஞ்சிக்கு ஈரம் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கினால் கிழங்கு மூச்சுவிட முடியாமல் நோய்வாய்ப்படும்.

ஜனவரி 10, மறுபடியும்

உங்கள் கேள்வியைத் திரும்பப் படித்தேன். ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். வெள்ளரி!

இஞ்சிக்கு மென் அழுகல் கொண்டுவரும் பித்தியம் என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிரின் வகைகளில் ஒன்று வெள்ளரி நாற்றையும் வேரையும் அழுக வைப்பதேதான். வேர்முடிச்சு நூற்புழுவுக்கும் வெள்ளரி என்றால் விருந்து. மூன்று போகம் தொடர்ந்து வெள்ளரி எடுத்த மண்ணில் நேராக இஞ்சி நடுவதை நான் செய்யமாட்டேன். கடைசி வெள்ளரிக் கொடிகளைப் பிடுங்கும்போது வேரில் மணி மணியாக வீக்கம் இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இருந்தால், மண்ணை நனைத்து, நிறமில்லாத மெல்லிய பாலித்தீனைப் பாத்தியோடு ஒட்டினாற்போல் விரித்து, ஓரம் முழுக்க மண் போட்டு மூடி, நல்ல வெயில் மாதத்தில் 40, 45 நாள் விடுங்கள். குடிலையும் சாத்தி வைத்தால் சூடு இன்னும் ஏறும். கறுப்புத் தாள் போடாதீர்கள். வெயில் உள்ளே இறங்கி மண்ணைச் சுடவைக்க நிறமில்லாத தாள்தான் வேண்டும்.

தக்காளி, மிளகாய், கத்தரி, உருளை போட்ட மண் என்றால் கவலை வேறு. அவற்றையும் இஞ்சியையும் வாட வைக்கும் பாக்டீரியா ஒரே குடும்பம். அந்த மண்ணில் இஞ்சிக்கு மூன்று நான்கு வருட இடைவெளி வேண்டும்.

ஜனவரி 14

சொட்டுநீர். வெள்ளரிக்குப் போட்ட குழாய் அப்படியே சரிப்படுமா என்றால், பெரும்பாலும் படாது. வெள்ளரிக்கு வரிசைக்கு ஒரு குழாய் போதும். இஞ்சியில் ஒரு மீட்டர் அகலத்தில் நான்கு வரிசைச் செடி நிற்கும், வேர் மேலாக்கத்தான் ஓடும், முக்கால்வாசி வேர் மேல் ஒரு அடி மண்ணுக்குள்ளேயே இருக்கும். பாத்தி முழுக்க ஒரே மாதிரி நனைய வேண்டும். ஆகவே பாத்திக்கு இரண்டு பக்கக் குழாய், 30 சென்டிமீட்டருக்கு ஒரு சொட்டுவான், சொட்டுவானுக்கு மணிக்கு 2 லிட்டர். நான் முதலில் 4 லிட்டர் சொட்டுவான் போட்டிருந்தேன். மணல் கலந்த மண்ணில் தண்ணீர் பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழே இறங்கியது. சொட்டுக்கு நேர் கீழே சேறு, ஒரு சாண் தள்ளி புழுதி.

வடிகட்டியில் கஞ்சத்தனம் வேண்டாம். 120 மெஷ் வட்டு வடிகட்டி, அதற்கு முன்னும் பின்னும் அழுத்தமானி. இரண்டு முள்ளுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனால் வடிகட்டி அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும்.

ஜனவரி 15

மேலே எழுதியதில் கடைசி வரியை எடுத்துக்கொள்ளாதீர்கள். அது 4 லிட்டர் சொட்டுவான் காலத்தில் நான் செய்தது. கணக்குப் போடாமல் கைப்பழக்கத்தில் எழுதிவிட்டேன். இப்போது போடுகிறேன்.

ஒரு மீட்டர் பாத்தியில் இரண்டு குழாய்க்கும் சேர்த்து ஆறேழு சொட்டுவான் வரும். சதுர மீட்டருக்கு மணிக்கு 13 லிட்டர் சொச்சம் இறங்கும், அதாவது மணிக்கு 13 மில்லிமீட்டர் மழை. இஞ்சி இலை பாத்தியை மூடி நிற்கிற மாதங்களில் குடிலுக்குள் ஒரு நாளைக்கு 4 மில்லிமீட்டர் போதும். அது 18 நிமிடம். முளைத்து வரும் காலத்தில் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர், அதாவது ஐந்திலிருந்து ஏழு நிமிடம். ஒரு மணி நேரம் ஒரேயடியாக விட்டால் பாதித் தண்ணீர் வேருக்குக் கீழே போய்விடும், மீதி கிழங்கைச் சுற்றித் தேங்கும்.

நிமிடத்தைக் கண்மூடி நம்பவும் வேண்டாம். பாத்திக்குள் ஒரு சாண் ஆழத்தில் மண்ணை எடுத்துக் கையில் பிடியுங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், விரலில் தட்டினால் உடைய வேண்டும். பிழிந்தால் தண்ணீர் கசிகிறதென்றால் அன்றைக்கு மோட்டாரைத் தொடாதீர்கள்.

ஜனவரி 15, கொஞ்ச நேரம் கழித்து

இதையும் செய்யுங்கள். முதல் சொட்டுவான், நடுச் சொட்டுவான், கடைசிச் சொட்டுவான் மூன்றின் அடியிலும் ஒரு டம்ளரைக் குழி தோண்டி வைத்து 6 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 200 மில்லி சேர வேண்டும். என் குடிலில் தலைப்பில் 205, கடைக்கோடியில் 130. கடைசிப் பாத்தியில் செடி ஏன் குட்டையாக இருக்கிறது என்று இரண்டு மாதம் உரத்தைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 2

இன்று குழித்தட்டு போட்டோம். கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய ஒற்றை முளை முறை. 25 கிராம் துண்டுக்குப் பதில் ஒரே ஒரு முளை உள்ள 5 கிராம் துண்டு. மக்கிய தென்னை நார்க்கழிவு முக்கால் பங்கு, மண்புழு உரம் கால் பங்கு, அதில் டிரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் நன்மைப் பூஞ்சை) கலந்து குழிகளை நிரப்பி, துண்டை வைத்து மூடுவது. 30, 40 நாளில் நாற்று தயார். உங்கள் 4,800 செடிக்கு 24 கிலோ விதை போதும். 120 எங்கே, 24 எங்கே!

விதை மிச்சமாவதை நான் இரண்டாவதாகத்தான் சொல்வேன். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. 24 கிலோ என்றால் ஒவ்வொரு துண்டையும் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து வெட்ட முடிகிறது. உள்ளே லேசாகப் பழுப்பு வளையம் தெரிந்தாலும் தூக்கிப் போடுகிறேன். 120 கிலோவில் அந்தப் பொறுமை யாருக்கும் வராது. ஒரு கிழங்கை வெட்டியதும் கத்தியைக் கிருமிநாசினியில் முக்கிவிட்டுத்தான் அடுத்த கிழங்கு. இரண்டு கத்தி வைத்துக்கொண்டால் ஒன்று ஊறும்போது மற்றது வேலை செய்யும்.

வெட்டும் முன் நூற்புழுவுக்காக முழுக் கிழங்கை 50 டிகிரி வெந்நீரில் 10 நிமிடம் வைத்தோம். வெப்பமானி இல்லாமல் இதைச் செய்யவே கூடாது, நாலு டிகிரி கூடினால் முளை வெந்துவிடும். பிறகு லிட்டருக்கு 3 கிராம் மாங்கோசெப் கரைசலில் 30 நிமிடம், எடுத்து நிழலில் உலர்த்தல். வாடல் பாக்டீரியாவுக்கு இந்த மருந்தால் ஒன்றும் ஆகாது, பூஞ்சைக்கு மட்டும்தான் இது. அதையும் சொல்லாவிட்டால் மருந்தில் முக்கியாயிற்று, இனி பயமில்லை என்று இருந்துவிடுவார்கள்.

பிப்ரவரி 19

17 நாளாயிற்று. கதவோரத் தட்டுகளில் ஒன்றும் அசையவில்லை, உள்பக்கத் தட்டுகளில் மூக்கு தெரிகிறது. வித்தியாசம் சூடுதான். நார்க்கழிவுக்குள் 25 டிகிரியை ஒட்டி இருந்தால் இஞ்சி விழிக்கும். 13-க்குக் கீழே போனால் தூங்கும். கதவோரத் தட்டுகளை உள்ளே மாற்றினேன்.

மார்ச் 12

நாற்று நட்டு முடிந்தது. வேர் குழி முழுக்கச் சுற்றி, கட்டி உடையாமல் எழுந்து வந்தது. தண்ணீரில் கரையும் உரம் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள், சேர்த்தே எழுதுகிறேன்.

அளவு: ஹெக்டேருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 75, மணிச்சத்து (பாஸ்பேட்) 50, சாம்பல் சத்து (பொட்டாஷ்) 50 கிலோ என்ற பொதுப் பரிந்துரையை 300 சதுர மீட்டருக்குச் சுருக்கினால் 2.25, 1.5, 1.5 கிலோ சத்து வரும். ஒரு போகம் முழுமைக்கும் இவ்வளவுதான். குடிலுக்குள் நாலு மடங்கு போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் மூன்று மாதம் தழைச்சத்துப் பக்கம் சாய்த்து, பிறகு சாம்பல் சத்துப் பக்கம் மாற்றி, வாரம் ஒருமுறை வெஞ்சுரி (உரக்கரைசலைப் பாசனக் குழாய்க்குள் இழுத்துவிடும் கருவி) வழியாகக் கொடுக்கிறேன். தொடங்கும்போது ஐந்து நிமிடம் வெறும் தண்ணீர், பிறகு உரம், முடிவில் ஐந்து நிமிடம் மறுபடி வெறும் தண்ணீர்.

கால்சியம் நைட்ரேட்டைப் பாஸ்பேட் உரத்தோடோ சல்பேட் உரத்தோடோ ஒரே தொட்டியில் கலக்காதீர்கள். இரண்டாம் வருடம் வேலை நெருக்கடியில் கலந்தேன். தொட்டி அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்தது. அது கண்ணுக்குத் தெரிந்த பங்கு. தெரியாத பங்கு 2,000 சொட்டுவானுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அமிலம் விட்டுக் கழுவியும் ஐந்தில் ஒரு பங்கு சொட்டுவான் திறக்கவில்லை, குழாயையே மாற்றினேன்.

இனி உப்பு. வெளி வயலில் மழை பெய்து மண்ணில் தேங்கிய உப்பைக் கழுவிக்கொண்டு போகும். கூரைக்குள் அந்த மழை இல்லை. போட்ட உரத்தில் செடி எடுக்காமல் விட்டதும், பாசனத் தண்ணீரிலேயே வந்ததும் நனைந்த வட்டத்தின் விளிம்பில் சேரும். பாத்தியோரம் வெள்ளை பூத்தால் அதுதான். இஞ்சி உப்பு தாங்காது, இலை நுனி முதலில் கருகும். நுனி கருகுவதைப் பார்த்துப் பொட்டாஷ் குறைவு என்று இன்னும் உரம் போட்டவன் நான். இப்போது தண்ணீரில் உள்ள உப்பைக் காட்டும் கையடக்க இ.சி. மீட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். பாத்தி அடியில் வடியும் தண்ணீரைப் பிடித்துப் பார்த்து, விடும் தண்ணீரின் உப்பைவிட வடியும் தண்ணீரின் உப்பு இருமடங்கு தாண்டினால் அந்த வாரம் உரத்தை நிறுத்தி வெறும் தண்ணீரால் கழுவுகிறேன். இது வடிகால் நன்றாக உள்ள பாத்திக்கு மட்டும்.

ஏப்ரல் 21

சூடு. இன்று மதியம் குடிலுக்குள் 38 டிகிரி, வெளியே 33. இஞ்சிக்கு 22-லிருந்து 28 வரை சுகம். 32-ஐத் தாண்டி வெயிலும் சேர்ந்தால் இலை வெளுத்துச் சுருளும்.

கூரை உச்சியில் காற்றுப்போக்கித் திறப்பு இல்லாத குடில் என்றால் இஞ்சியை அதற்குள் கொண்டுபோகாதீர்கள். பக்கவாட்டுத் திரையைச் சுருட்டினால் போதும் என்பார்கள், போதாது. சூடான காற்று மேலேதான் நிற்கிறது.

கூரைக்கு அடியில் 50 சதவீத நிழல்வலை கட்டியிருக்கிறேன். முதல் இரண்டு மாதத்துக்கு மட்டும். முதல் வருடம் 75 சதவீத வலையைப் போகம் முழுக்க விட்டுவைத்தேன். செடி என் நெஞ்சு உயரம் வளர்ந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் அதிசயப்பட்டார்கள். தோண்டினால் விரல் பருமனில் கிழங்கு. வெளிச்சத்தைத் தேடி மேலே ஓடின செடியிடம் கீழே சேர்க்க என்ன இருக்கும்? இஞ்சி நிழல் தாங்கும் பயிர்தான். போகம் முழுக்க என்றால் கால் பங்கு, அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்கு நிழல். இலைகள் பாத்தியை மூடியதும் வலையைக் கழற்றிவிடுங்கள்.

ஏப்ரல் 28

முதல் மண் அணைப்பு. குழாய் பாத்திமேல் கிடக்கும்போது மண்வெட்டி போட்டால் நூறு மீட்டருக்கு நாலு வெட்டு நிச்சயம். வெட்டுப்படாமல் மண்ணுக்குள் புதைந்தால் இன்னும் மோசம், வேர் சொட்டுவான் துளைக்குள் புகுந்துகொள்ளும். பாத்தியின் இரு தலைப்பிலும் ஒரு குச்சி நட்டு, அணைக்கும் அன்று குழாயைத் தூக்கி அதில் மாட்டிவிட்டு, வேலை முடிந்ததும் புது மண்ணின் மேல் இறக்குகிறோம். அணைப்பு நட்ட 45-ஆம் நாளை ஒட்டி ஒன்று, 90-ஐ ஒட்டி ஒன்று. வெளியே தெரியும் கிழங்கு பச்சையாகி, வளர்ச்சி நின்றுவிடும். மண் அணைத்துக்கொண்டே போனால்தான் அது மேலும் மேலும் விரல் விடும்.

மூடாக்கு? போடுகிறேன், வெளி வயலில் போடுவதில் பாதி அளவு. குழாய்க்கு மேலே இலைதழை, அதனால் சொட்டு விழுகிறதா என்று தினமும் விலக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜூலை 6

நாலாம் பாத்தியில் ஒரு தூர் வாடியிருக்கிறது. காலையில் பார்த்ததிலிருந்து கை வேலையில் ஓடவில்லை.

ஜூலை 6, மாலை

பாக்டீரியா இல்லை. எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன், இதற்கு ஆய்வகம் வேண்டாம். வாடிய தண்டின் அடிப்பகுதியை இரண்டு அங்குலம் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை மட்டும் தண்ணீரில் தொடும்படி அசையாமல் பிடியுங்கள். பாக்டீரியா வாடல் என்றால் சில நிமிடத்தில் வெட்டுமுனையிலிருந்து பால் நூல்போல் வெண்மையாக இறங்கும். முதல் வருடம் அந்த நூலை நான் பார்த்தேன். இன்று பத்து நிமிடம் பிடித்தும் தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

மற்ற அடையாளங்களும் பொருந்துகின்றன. அடி இலையின் ஓரத்திலிருந்து மஞ்சள் மேலே ஏறியிருக்கிறது. தண்டை இழுத்தால் சிரமமில்லாமல் கையோடு வந்துவிட்டது, அடியில் கூழாகி நாற்றம். இது பித்தியம் மென் அழுகல். பாக்டீரியாவாக இருந்தால் மஞ்சளாக நேரம் இருக்காது. இலை பச்சையாக இருக்கும்போதே நீளவாக்கில் சுருண்டு தொங்கும்.

தூரைச் சுற்றி ஒரு முழம் மண்ணோடு தோண்டி வாளியில் போட்டு வெளியே கொண்டுபோய் எரித்தேன். அந்த இடத்துக்கு வரும் இரண்டு சொட்டுவான்களை அடைத்தேன். டம்ளர் வைத்துப் பார்த்ததில் அவை இரண்டும் 6 நிமிடத்தில் 340 மில்லி விட்டுக்கொண்டிருந்தன. வாய் கிழிந்த சொட்டுவான்! மற்ற இடமெல்லாம் அளவாக நனைய, அந்த ஒரு முழம் மட்டும் மூன்று மாதமாகச் சதசதவென்று இருந்திருக்கிறது. ஜனவரியில் உங்களுக்குச் சொன்ன டம்ளர் சோதனையை நான் தலைப்பிலும் கடையிலும் மட்டும் செய்திருக்கிறேன். இனிப் பாத்திக்குப் பாத்தி ஐந்து இடம்.

ஜூலை 9

டிரைக்கோடெர்மாவைச் சொட்டுநீரில் விடலாமா என்ற கேள்விக்கு: விடலாம், திரவ வடிவில் உள்ளதை. மாவு வடிவில் உள்ளது வடிகட்டியில் பாதி நின்று, மீதி சொட்டுவானை அடைக்கும். நான் வேப்பம்பிண்ணாக்கும் தொழுவுரமும் கலந்து பெருக்கி மண் அணைக்கும்போது போடுவதோடு சரி. பூஞ்சைக்கொல்லி விட்ட வாரத்தில் இதை விடாதீர்கள்.

ஜூலை 16

பைகளைப் பற்றி எழுதாமலே இருக்கிறேன், இப்போது எழுத வேண்டும்.

ஹவாய் தீவில் பாக்டீரியா வாடல் இஞ்சி வயல்களை அழித்தபோது, அங்குள்ள பல்கலைக்கழகத்தின் வேளாண் கல்லூரி ஒரு வழி சொன்னது. 2004-இல் அதை வெளியிட்டார்கள். குடிலுக்குள், வயல் மண்ணைத் தொடாமல், பைகளில் மண்ணுக்குப் பதிலாக வேறு பொருளை (ஊடகம்) நிரப்பி நோயற்ற இஞ்சியை வளர்ப்பது. பையில் முதலில் அடியில் கொஞ்சம் ஊடகம், செடி உயர உயர மேலே சேர்த்துக்கொண்டே போவது. மண் அணைப்பின் வேலையை அதுவே செய்துவிடுகிறது. அந்தக் கிழங்கை விதையாக வயலுக்குக் கொண்டுபோவதுதான் அதில் எனக்குப் பிடித்தது.

அதைப் படித்த பிறகுதான் மூன்றாம் வருடம் 40 பை வைத்தேன். பைக்கு ஒரு நுண்குழாய், தனிச் சொட்டு. ஒரு பையில் நோய் வந்தால் அந்தப் பையோடு போகிறது. பாத்தியில் அப்படியில்லை, வேரும் தண்ணீரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். இந்த வருடம் பை 200. நார்க்கழிவை நன்றாகக் கழுவி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து மறுபடி கழுவிவிட்டு நிரப்பினேன். கழுவாத நார்க்கழிவில் உப்பு கொஞ்சநஞ்சமில்லை. பைகள் தரையில் உட்காராமல் செங்கல் மேல் நிற்கின்றன. ஒரு பையின் வடிநீர் இன்னொரு பையின் அடியில் ஓடக் கூடாது.

பையில் தவறுக்கு இடமில்லை என்பதும் உண்மை. ஜூன் மாதம் ஒரு நாள் மோட்டார் நின்றுபோய், மாலை வரை தண்ணீர் இல்லை. பாத்தியில் ஒன்றும் தெரியவில்லை. பைகளில் அன்றைக்கே இலை சுருண்டுவிட்டது.

ஆகஸ்ட் 3

இலைப்புள்ளி நோய் உள்ளே இந்த வருடமும் இல்லை, வெளிப்பாத்தியில் நிறைய. மழைத்துளி தெறித்துத்தான் அது பரவுகிறது. ஆகவே கூரையின் நன்மையில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்டுத் துளைப்பானும் உள்ளே குறைவு, பக்கங்களில் வலை இருப்பதால். ஆனால் சிவப்புச் சிலந்திப்பேன் உள்ளே மட்டும் வந்திருக்கிறது. காய்ந்த சூடு அதற்குப் பிடிக்கும், மேலே மழை விழுந்து கழுவிவிடவும் ஆளில்லை. வெயில் ஏறும் முன் இலையின் அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சினோம், மதியத்துக்குள் உலர்ந்துவிட வேண்டும்.

ஆகஸ்ட் 19

ஐந்து மாதமாயிற்று. இரண்டு பாத்தியைப் பிஞ்சு இஞ்சியாக எடுத்தோம். தோல் இன்னும் கட்டவில்லை, தண்டு அடியில் இளஞ்சிவப்பு, முறித்தால் நார் இல்லாமல் படக்கென்று முறிகிறது. பசுமைக்குடிலுக்கு விற்பனைச் சரக்கு ஒன்று உண்டென்றால் இதுதான். குளிர் நாடுகளில் குடிலுக்குள் இஞ்சி போடுகிறவர்களும் பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான் எடுத்துவிடுகிறார்கள், முற்ற விட்டால் குளிர் முந்திக்கொள்ளும்.

வாங்குபவரை முதலிலேயே பேசி வைக்காமல் தோண்டாதீர்கள். முற்றின இஞ்சி மாதக்கணக்கில் இருக்கும், இது குளிரில் வைத்தாலும் இரண்டு வாரம். சுக்காக்கவும் முடியாது, சுருங்கி ஒன்றுமில்லாமல் போய்விடும்.

அக்டோபர் 10

உள்ளே செடி இன்னும் பச்சை. வெளிப்பாத்தியில் இலை மஞ்சளாகத் தொடங்கிவிட்டது. தண்ணீரும் தழைச்சத்தும் தவறாமல் கிடைத்தால் இஞ்சிக்கு ஓய்வெடுக்கும் எண்ணமே வராது போலிருக்கிறது. பகல் நீளம் குறையக் குறையத்தான் கிழங்கு பருக்கும் வேகம் கூடும். இந்த நேரத்தில் நாம் தழைச்சத்தைக் கொட்டி இலை வளர்த்துக்கொண்டிருந்தால் அதைக் கெடுத்துக்கொள்கிறோம். தழையைச் செப்டம்பரிலேயே நிறுத்தியிருக்க வேண்டும், நான் பத்து நாள் தாமதம். நவம்பரிலிருந்து தண்ணீரைப் படிப்படியாகக் குறைத்து, தோண்டும் முன் ஒரு மாதம் முழுக்க நிறுத்தப் போகிறேன்.

டிசம்பர் 17

தோண்டி முடித்தோம். கணக்கு.

குடிலுக்குள் முற்ற விட்ட பாத்தி: சதுர மீட்டருக்கு 2.9 கிலோ. வெளியே, அதே விதை, அதே சொட்டுநீர், 30 சென்டிமீட்டர் மேட்டுப்பாத்தி, மேலே கால் பங்கு நிழல்வலை மட்டும்: 2.5 கிலோ. பைகள்: பைக்கு 1.4 கிலோ.

உங்கள் இரட்டிப்புக் கணக்குக்கு இதுதான் என் பதில். 2.5-க்கும் 2.9-க்கும் உள்ள வித்தியாசத்துக்காகப் பாலித்தீன் கூரை புதிதாகப் போடச் சொல்லமாட்டேன். முதல் வருடத்து 410 கிலோவைச் சதுர மீட்டருக்குப் பிரித்தால் 1.4 கூட வராது. அங்கிருந்து இங்கே வந்ததற்குக் காரணம் கூரை இல்லை, அதே கூரைதான் அன்றும் இருந்தது. விதை, பாத்தி உயரம், நிழலைக் குறைத்தது, 18 நிமிடப் பாசனம், இவை நான்கும்தான்.

ஆனால் உங்களிடம் குடில் ஏற்கெனவே நிற்கிறது. நானாக இருந்தால் உங்கள் 500 சதுர மீட்டரை இப்படிப் பிரிப்பேன். வெள்ளரி மண்ணை இந்த வருடம் நம்பவே மாட்டேன். தரையில் தாள் விரித்து, பாதி இடத்தில் விதைக்காகப் பைகள். ஒன்பது, பத்து மாதம் முற்ற விடுவதற்கு. கால் பங்கில் பைகளிலேயே பிஞ்சு இஞ்சி, ஐந்து மாதத்தில் எடுத்துவிட. மீதியில் குழித்தட்டு. சந்தைக்கு மூட்டை மூட்டையாகப் போகிற முற்றின இஞ்சியை வெளியே, சொட்டுநீரோடு, மேட்டுப்பாத்தியில். குடிலின் வேலை வெளி வயலுக்குச் சுத்தமான விதை கொடுப்பது. ஜனவரியில் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல என்னிடம் கணக்கு இல்லை.

டிசம்பர் 18

பைக்கு 1.4 என்றால் மொத்தம் எவ்வளவு என்று கேட்டவருக்கு: 200 பையில் 9 பை கழிந்தது, அவற்றில் இரண்டு மென் அழுகல், மீதி என் மோட்டார். 191 பையில் 267 கிலோ. 5 கிராம் துண்டாக வெட்டினால் முளைக்காததும் கழிவும் போகப் பாதி தேறினாலும் 26,000 நாற்றுக்கு மேல் வரும்.

டிசம்பர் 22

விதையை நிழலில், மணல் பரப்பி அடுக்கடுக்காக வைத்தாயிற்று. கிழங்கு ஒன்றையொன்று தொடாதபடி இடையில் மணல், மூடியில் காற்றுக்கு இடைவெளி. குளிர்பதனத்தில் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். 12 டிகிரிக்குக் கீழே போனால் உள்ளே நிறம் மாறி முளை செத்துவிடும், வேண்டாம்.

அடுக்கும் முன் ஒவ்வொரு பையிலிருந்தும் ஒரு கிழங்கின் ஓரத்தைச் சீவி டம்ளர் தண்ணீரில் பிடித்துப் பார்த்தோம். 191 தடவை. இரண்டு நாள் ஆனது. வீட்டில் எல்லோரும் முறை வைத்துப் பிடித்தோம், சின்னவள் ஒவ்வொன்றையும் பத்து நிமிடம் கைக்கடிகாரத்தில் எண்ணினாள். எதிலும் பால் இறங்கவில்லை.

நீங்கள் கேட்ட 24 கிலோவை இதிலிருந்து தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். ஜனவரி கடைசிக்குள் பைகளுக்கு இடத்தைத் தயார் செய்துவிடுங்கள்.